வேலூர் வெயிலிலிருந்து ஜவ்வாது மலைக் காட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்க்காரர்களின் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், இரண்டாம் நாள் காலையில் ஒரு கேள்வி வந்துவிடும்: "பக்கத்துல எங்கேயாவது குளுகுளுன்னு போய்ட்டு வர இடம் இருக்கா?" இருக்கிறது. மொட்டைப் பாறையும் மணல் ஆறுமாகக் கிடக்கும் சமவெளியில் புறப்பட்டு, சில மணி நேரத்தில் மூங்கிலும் வேங்கையும் நிற்கும் காட்டுக்குள் நுழைந்துவிடலாம். அந்தப் பயணத்தைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த வழியாகப் போக வேண்டும்?

நான் சொல்வது ஒரு வட்டப் பாதை. வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி. அங்கே நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து ஆலங்காயம். ஆலங்காயம் தாண்டியதும் மலை ஏற ஆரம்பித்து காவலூர், அதன் பிறகு ஜமுனாமரத்தூர். இறங்கும்போது போளூர் பக்கம் இறங்கி, கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வேலூருக்கே வந்துவிடலாம். மொத்தம் 200 கிலோமீட்டர் அளவுக்கு வரும். ஒரே நாளில் முடியும். ஆனால் காலை 6 மணிக்காவது கிளம்பிவிட வேண்டும்.

இந்த ஒரு சுற்றில் இன்றைய கணக்குப்படி வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்கள் வந்துவிடுகின்றன. 1989 வரைக்கும் இதெல்லாம் ஒரே வடஆர்க்காடு. அந்த ஆண்டுதான் திருவண்ணாமலை பிரிந்தது. திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் 2019இல் தனியாகப் போயின. மாவட்டங்கள் பிரிந்தாலும் தண்ணீரும் காடும் சந்தையும் இன்னும் ஒன்றோடொன்று பின்னித்தான் கிடக்கின்றன.

போளூர் வழியாக ஏறி வாணியம்பாடி வழியாக இறங்கினால் என்ன?

தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் தடவை போகிறவர்களை நான் வாணியம்பாடி வழியாகத்தான் ஏறச் சொல்வேன். பாலாற்றை ஒட்டியே அவ்வளவு தூரம் ஓட்டி, அந்த வறட்சியைக் கண்ணாரப் பார்த்துவிட்டு மேலே போனால்தான் காட்டின் அருமை தெரியும். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்து நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டிய தொல்லையும் இருக்காது.

வேலூரைப் பாலைவனம் என்கிறார்களே, அவ்வளவு மோசமா?

பாலைவனம் இல்லை. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரைப் பாலைவனம் என்று சொல்லக் கூடாது. தென்மேற்குப் பருவத்தில் ஆகஸ்டு, செப்டம்பர் மாலைகளில் இடியோடு கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கும் வரும். அப்படியும் பார்க்கிற கண்ணுக்கு ஊர் வறண்டுதான் தெரிகிறது. "மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்" என்று எங்கள் ஊரைப் பற்றிப் பழைய சொலவடையே உண்டு. கோயில் குறை 1981இல் தீர்ந்தது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் அந்த ஆண்டு மறுபடி லிங்கத்தை வைத்து வழிபாடு தொடங்கினார்கள். மலையும் ஆறும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

ஊரைச் சுற்றி நிற்கும் குன்றுகளைப் பாருங்கள். மண் மிகக் குறைவு, பெரும்பகுதி பாறை. இருந்த கொஞ்ச மரமும் விறகுக்கு வெட்டப்பட்டு, அடுத்து முளைத்ததை ஆடு மேய்ந்து, மழை வந்தபோது மேல்மண் கரைந்து போய்விட்டது. மண் இல்லாத இடத்தில் மழை எவ்வளவு பெய்தாலும் நிற்காது, வழிந்து ஓடிவிடும். பாறை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் வெளியே விடும். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். ராத்திரி 10 மணிக்கு மொட்டை மாடித் தரையில் வெறுங்காலை வைத்தால் இந்தச் சூடு புரியும்.

பழைய ஐந்திணைக் கணக்கில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. காடும் மலையும் கோடையில் காய்ந்து திரிந்து போனால் அதுவே பாலை. வேலூர்க் குன்றுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இவை காடாக இருந்திருக்க வேண்டியவை. ஜவ்வாது மலைக்குப் போய்ப் பார்த்தால் என்ன இழந்திருக்கிறோம் என்று தெரியும்.

வழியெல்லாம் பாலாறு என்கிறீர்கள், தண்ணீரைக் காணோமே?

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு இது. கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 கிலோமீட்டர் நம்முடையது. மேலே இரண்டு மாநிலங்களிலும் ஏரிகளும் தடுப்பணைகளும் இருக்கின்றன. அவை நிரம்பி வழிந்தால்தான் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் புல்லூரைத் தாண்டி வெள்ளம் இந்தப் பக்கம் வரும். இதற்கு மேல் நம் கைவரிசையும் இருக்கிறது. மணலை வாரினோம், தோல் தொழிற்சாலைக் கழிவை விட்டோம். அந்தக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்காக இன்றைக்கும் நாடெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது.

மாதனூர் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தி ஆற்றைப் பாருங்கள். கரைக்குக் கரை சீமைக்கருவேலம். நடுவில் வெளுத்த மணல், அதில் ஆடு போன தடம். எங்காவது ஓரிடத்தில் ஈரம் கசிந்து நாணல் நிற்கும். செத்த ஆறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனது. 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியபோது, ஊரே பாலத்து மேல் நின்று வேடிக்கை பார்த்தது. வறண்டிருக்கிறதே என்று ஆற்றுக்குள் வண்டியை இறக்குவது, கூடாரம் போடுவது எல்லாம் மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

காடு சரியாக எந்த இடத்தில் தொடங்குகிறது?

ஆலங்காயம் வரைக்கும் தென்னந்தோப்பு, புளியமரம், நெல் வயல், செங்கல் சூளை என்று சமவெளிதான். ஊரைத் தாண்டிச் சாலை ஏற ஆரம்பித்ததும் காப்புக்காடு. கோடு கிழித்த மாதிரி மாறாது. முதலில் முள் மரங்கள், புதர்கள். கொஞ்சம் மேலே போனால் அவற்றுக்கு நடுவே வேங்கை, கடுக்காய், நெல்லி தலைகாட்டும். அப்புறம் மூங்கில் குத்துகள். சந்தன மரத்துக்குப் பேர் போன மலை இது. அந்தப் பேரே அதற்கு எமனாகவும் வந்தது. பல ஆண்டுகள் திருட்டு வெட்டு நடந்து, இன்று முதிர்ந்த சந்தன மரத்தைப் பார்ப்பது அரிது. சாலையோரத்தில் சிறு கன்றுகள் சில இடங்களில் தெரியும். இலை சின்னதாக, நுனி கூராக, எதிர் எதிராக இருக்கும். பக்கத்தில் வேறு செடிகளோடு நெருங்கித்தான் நிற்கும், ஏனென்றால் மற்றச் செடிகளின் வேரிலிருந்தும் சத்தை உறிஞ்சி வளர்கிற மரம் அது.

இந்த இடத்தில் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். காற்று மாறுவது முகத்தில் பட வேண்டும். உள்ளேயே உட்கார்ந்து போனால் இந்தச் சாலையில் பாதியைத் தவற விட்டுவிடுவீர்கள்.

மேலே எவ்வளவு குளிரும்? ஸ்வெட்டர் வேண்டுமா?

ஊட்டியை நினைத்துக்கொண்டு வராதீர்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல். காவலூர் 725 மீட்டர். 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறையும் என்ற பொதுக் கணக்கில் பார்த்தால், வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரிதான். ஆனால் உடம்புக்கு அதைவிடப் பெரிதாகத் தெரியும். நிழல் இருக்கிறது, இலைகள் விடும் ஈரம் இருக்கிறது, சூட்டைத் தேக்கி வைக்கும் கான்கிரீட் இல்லை. சூரியன் இறங்கியதும் மலை சட்டென்று ஆறிவிடும். மார்கழி, தையில் தங்குவதாக இருந்தால் ஸ்வெட்டரும் கம்பளியும் கட்டாயம். மற்ற மாதங்களில் ஒரு துண்டோ சால்வையோ போதும்.

எந்த மாதத்தில் போனால் பச்சையாக இருக்கும்?

ஆகஸ்டு முதல் ஜனவரி வரை. அதிலும் ஐப்பசி மழை விட்ட பிறகு வரும் வாரங்கள்தான் உச்சம்.

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். சித்திரை வெயில் தாங்காமல் காட்டைத் தேடி வருகிறார்கள். இங்கே இருப்பது பெரும்பாலும் இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். ஏப்ரலில் போனால் சாம்பல் நிறக் கிளைகளும் காலடியில் சருகும்தான். காடு அழிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இலையை வைத்துக்கொண்டால் அதன் வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகும். இருக்கிற ஈரத்தைக் காப்பாற்ற மரம் இலையை உதிர்க்கிறது. முதல் மழை விழுந்து சில நாட்களில் தளிர் விட்டுவிடும். கோடையில் வந்தே தீர வேண்டும் என்றால் சரக்கொன்றை பூத்திருக்கும், பலாப்பழம் கிடைக்கும். ஜமுனாமரத்தூரில் கோடை விழாவும் நடத்துகிறார்கள்.

கோடையில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சருகு காய்ந்து கிடக்கும்போது ஒரு பீடித் துண்டு போதும், மலைச்சரிவே எரியும். சமைக்கிறேன் என்று கல் கூட்டி அடுப்பு மூட்டாதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றமும்கூட.

ஏலகிரி பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே போனால் போதாதா?

ஏலகிரி ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். குழந்தைகள் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வருவார்கள். மேலே புங்கனூர் ஏரியில் படகு, தங்க விடுதிகள், ஓட்டல்கள் எல்லாம் உண்டு. வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் ஏலகிரிதான் வசதி. காடு வேண்டுமென்றால் ஜவ்வாது மலை. இங்கே மணிக்கணக்கில் மலைமேலேயே ஓட்டலாம், பள்ளத்தாக்கு ஒன்று முடிந்தால் அடுத்தது வரும். என்னைக் கேட்டால் யோசிக்காமல் ஜவ்வாது என்றுதான் சொல்வேன்.

காவலூரில் தொலைநோக்கியைப் பார்க்க விடுவார்களா?

பொதுவாகச் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. சனிக்கிழமை போக முடிந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இது. வைணு பாப்பு என்ற வானியலாளர் 1960களில் தேடிக் கண்டுபிடித்த இடம். காரணம் எளிது: சுற்றிலும் காடு, ஊர் விளக்கு இல்லை, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானமும் தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். இங்கிருக்கும் 1 மீட்டர் தொலைநோக்கி 1972இல் வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூர்ப் பதிவும் ஒன்று. பிறகு இந்தியாவிலேயே உருவாக்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. இன்று ஆய்வகத்துக்கும் அந்தத் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயர்தான். 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். ஆலங்காயத்துக்கு மேலே ஒரு காட்டுக்குள் இவ்வளவும் நடந்திருக்கிறது என்பது வடஆர்க்காட்டுக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

ராத்திரியில் அந்த வழியாக ஓட்ட நேர்ந்தால் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். அங்கே இருட்டுதான் முதல்.

ஜமுனாமரத்தூரில் என்ன பார்க்கலாம்?

பீமன் நீர்வீழ்ச்சி, படகு விடும் கோலப்பன் ஏரி இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. நீர்வீழ்ச்சிக்கு மழைக்குப் பிறகுதான் உயிர். பாறை வழுக்கும், மேலே ஏறிப் படம் எடுக்கப் போகாதீர்கள். கீழ்சேப்பிளிக்குப் பக்கத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. மூன்று பக்கம் பலகைக் கல், மேலே மூடியாக ஒரு கல். அவற்றின் மேல் ஏறக் கூடாது, பெயர் கிறுக்கக் கூடாது. ஊரில் ஒருவரை வழி கேட்டுத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

மலையில் இருப்பவர்கள் யார்? எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பேசுவது தமிழ், கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாமை, கேழ்வரகு, தினை, புளி, தேன், கடுக்காய் என்று வாழ்க்கை மலையோடு ஒட்டியது.

அறுவடை நேரத்தில் போனால் தார்ச்சாலையிலேயே சாமைத் தாளைப் பரப்பியிருப்பார்கள். வண்டிச் சக்கரம் ஏறி இறங்கி மணி உதிரும். ஒரு அம்மா முறத்தோடு ஓரத்தில் நிற்பார், வண்டி போனதும் வந்து தாளைப் புரட்டிவிட்டு மறுபடி ஓரம் போவார். ஒலிப்பான் அடித்து அவரை விரட்டாதீர்கள். மெதுவாக அதன் மேலேயே ஓட்டிப் போகலாம், அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள். சறுக்கும் என்பதால் பிரேக் மட்டும் சட்டென்று போடக் கூடாது. பைக்கில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். தேனும் சாமை அரிசியும் அவர்களிடமோ, அங்குள்ள கூட்டுறவுச் சங்கத்திலோ, மகளிர் குழுக்களிடமோ வாங்குங்கள். பேரம் பேசி இருபது ரூபாய் குறைப்பதில் நமக்கு ஒன்றும் வந்துவிடாது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

காலையில் ஆம்பூரில் இட்லி, தோசை. பிரியாணிக்கு ஆம்பூர், வாணியம்பாடி இரண்டுக்கும் போட்டி. சீரகச் சம்பா அரிசி, கூடவே கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும். 11 மணிக்கே தயாராகிவிடும், பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். மலைமேல் கடைகள் குறைவு. ஜமுனாமரத்தூரில் எளிய சாப்பாடு கிடைக்கும். தண்ணீரை வீட்டிலிருந்தே பெரிய கேனில் கொண்டு போங்கள். பொட்டலத் தாள், இலை, பாட்டில் எல்லாம் திரும்ப உங்கள் வண்டியிலேயே இறங்க வேண்டும். குரங்குக்குச் சோறு போடாதீர்கள். சாலைக்குப் பழகிய குரங்கு சக்கரத்தில் அடிபட்டுத்தான் சாகும்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடியாது, அரை நாளில் முடியுமா?

அமிர்தி போய் வாருங்கள். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரக் காடு, சின்ன விலங்குப் பூங்கா, மழைக்காலத்தில் அருவி.

அந்தப் பக்கம் போகும்போது நாகநதியையும் கவனியுங்கள். பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த ஆறு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து ஓடைகளில் தடுப்புகள் கட்டி, ஆற்றுப் படுகையில் நீர் உறிஞ்சு கிணறுகள் தோண்டினார்கள். மழைநீர் ஓடிப்போகாமல் கீழே இறங்கியது, சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஏறியது. மலையிலிருந்து வரும் இந்த நீர் கமண்டல நாகநதியாகிச் செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறும் ஜவ்வாது மலையில் பிறந்ததுதான், காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மேலே காடு நின்றால்தான் கீழே ஆற்றுக்குக் கதி என்பதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பெட்ரோல், போன் சிக்னல்?

வாணியம்பாடியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள். பேருந்தில் போகிறவர்கள் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகலாம், கடைசி வண்டி நேரத்தை ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது என்ன கவனம் வேண்டும்?

மாலை 4 மணிக்கெல்லாம் ஜமுனாமரத்தூரை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கரடியும் காட்டுப்பன்றியும் இருட்டிய பிறகு சாலைக்கு வரும். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே விடுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். வண்டியை நியூட்ரலில் உருட்டவே கூடாது. வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு முதலில் வழி விடுங்கள், பேருந்து என்றால் ஓரம் கட்டி நின்றே விடுங்கள். வாந்தி வரும் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுங்கள். போளூர் வந்ததும் டீ குடித்துவிட்டு, அங்கிருந்து வேலூருக்கு நேர் சாலை.